கேரட் டிரம்முக்கு ஒரு புல்லி: பிரிண்டா, கடைசலா, வெல்டிங்கா, வார்ப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கும் நான்கு பிள்ளைகள் ஊட்டிப் பக்கத்து முத்தோரைப் பாலாடாவிலிருந்து பஸ் மாறிக் கோத்தகிரிக்கு என்னைத் தேடி வந்தார்கள். புராஜெக்டுக்குக் கேரட் கழுவும் டிரம் ஒன்று செய்கிறார்களாம். பாலாடா, கேத்திப் பக்கம் பெரிய கேரட் கழுவும் மெஷின்கள் ஏற்கனவே ஓடுகின்றன, மூட்டை மூட்டையாகக் கழுவித் தள்ளும். ஆனால் அரை ஏக்கர் போட்டிருப்பவர் தன் பத்துப் பதினைந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு அங்கே போய் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அவர் தோட்டத்து ஓரத்திலேயே வைத்துக்கொள்கிற மாதிரி சின்னதாக ஒன்று. நல்ல யோசனை. டிரம், மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் முடிவாகிவிட்டது, ஒரு புல்லியில் வந்து நின்றுவிட்டார்கள்.

"அண்ணா, காலேஜ்ல த்ரீடி பிரிண்டர் இருக்கு, அதுலயே அடிச்சிரலாமா? இல்ல லேத்துல கடையலாமா? வெல்டிங்கே போதும்னு இவன் சொல்றான்."

கூட வந்த பெண் மட்டும் எதுவும் சொல்லாமல் வரைபடத்தை நீட்டினாள். அளவுகள் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தன. அந்த அளவுகளில் எது தப்பினால் மெஷின் ஓடாது, எது தப்பினாலும் பரவாயில்லை என்பதுதான் அதில் இல்லை. நான் தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன், உடைந்த சாமான் கையில் வந்தால் முதலில் அதைத்தான் தேடுவேன். அன்றைக்கு மதியம் தொடங்கிய பேச்சு கடைசி பஸ் வரை போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் உற்பத்தி முறைகளைப் பாடமாகப் படிக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு தனி அத்தியாயமாக வந்துவிட்டுப் போகிறது, ஒரே சாமானை வைத்துக்கொண்டு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

முதலில் மெஷின். டிரம்மின் விட்டம் 80 செ.மீ. அதை எவ்வளவு வேகமாகச் சுற்றலாம்? ரொம்ப வேகமாகச் சுற்றினால் கேரட் டிரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றிவரும், உருண்டு ஒன்றோடொன்று உரசாது, மண்ணும் போகாது. உச்சிக்குப் போன கேரட்டைச் சுவரோடு பிடித்து வைக்கத் தேவையான வேகத்தைக் கணக்குப் போட்டால் 80 செ.மீ. டிரம்முக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 47 சுற்று வருகிறது. அதில் பாதிக்கும் கீழே ஓட்டினால்தான் கேரட் மெல்ல ஏறிச் சரிந்து விழும், தோலும் உரியாது. அவர்கள் 18 சுற்று வைத்திருந்தார்கள், சரியான தேர்வு. மோட்டார் ஒரு குதிரைத்திறன், 1440 சுற்று. பெல்ட்டில் நான்கில் ஒன்றாகக் குறைத்தால் 360. அப்புறம் இருபதில் ஒன்றாகக் குறைக்கும் வோர்ம் கியர்பாக்ஸ், 18. ஆக மோட்டார் பக்கம் 75 மி.மீ. புல்லி, கியர்பாக்ஸ் பக்கம் 300 மி.மீ. புல்லி. ஏ செக்‌ஷன் வி-பெல்ட், அதாவது ஆப்பு மாதிரி குறுகும் பெல்ட்டில் ஏ என்ற அளவு. பிரச்சினை அந்த 300 மி.மீ. புல்லிதான்.

இந்தப் புல்லி என்ன வேலை செய்கிறது என்று கேட்டேன். "சுத்துது அண்ணா" என்றான் ஒருவன். சுற்றுகிறது, சரி, எந்த இடத்தில் எவ்வளவு தாங்குகிறது?

360 சுற்றில் ஒரு குதிரைத்திறனைக் கடத்தினால் முறுக்கு விசை ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். விளிம்பில், அதாவது மையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி, பெல்ட் இழுப்பது 133 நியூட்டன். பதின்மூன்றரை கிலோ எடை, ஒரு பையன் ஒரு கையால் தூக்கிவிடுவான். அதே முறுக்கு நடுவில் 25 மி.மீ. ஷாஃப்டுக்குப் போகும்போது ஆரம் பன்னிரண்டரை மி.மீ.தான். பன்னிரண்டில் ஒரு பங்கு ஆரம், அப்படியானால் பன்னிரண்டு மடங்கு விசை: 1600 நியூட்டன், 160 கிலோவுக்கும் மேல். அவ்வளவும் வந்து உட்காருவது 8 மி.மீ. அகலமுள்ள ஒரு கீயின், அதாவது புல்லியையும் ஷாஃப்டையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் துண்டின், பக்கவாட்டில். அந்தப் பக்கவாட்டில் புல்லியோடு உரசும் பரப்பு, 40 மி.மீ. நீளத்துக்கு, சுமார் 130 சதுர மி.மீ. அதாவது நடுவிரல் நகம் அளவு. ஒரு சதுர மி.மீ.க்கு 12 நியூட்டன் வருகிறது. இது நிதானமாக ஓடும்போது. ஸ்டார்ட் ஆகும்போதும், டிரம்முக்குள் கல் சிக்கி நிற்கும்போதும் இரண்டு மூன்று மடங்கு.

இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் பிரிண்டர் பேச்சு கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் பிரிண்டரை அப்படியே தள்ளிவிட எனக்கு மனசில்லை, அதன் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும்.

பிரிண்டரின் பெரிய பலம், அச்சு, கருவி, பேட்டர்ன் (வார்ப்புக்கு மண்ணில் பதித்து எடுக்கும் மாதிரி) என்று முன்செலவு எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் வரைந்தால் காலையில் கையில் இருக்கும், தப்பாக இருந்தால் மாற்றி வரைந்து மறுபடி அடிக்கலாம். கோவைக்குப் போக வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஆனால் அவர்கள் காலேஜ் பிரிண்டரின் மேடை 220 மி.மீ. சதுரம், 300 மி.மீ. புல்லி அதில் ஏறாது. நான்கு கால்வட்டமாக அடித்து போல்ட் போட்டு இணைப்பதாகத் திட்டம். பிரிண்டருக்கான ஸ்லைசர் மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒரு கால்வட்டத்துக்கே 11 மணி நேரம் காட்டியிருக்கிறது. அது போகட்டும், நேரம் இருந்தால் அடிக்கலாம். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். ஊட்டிக் குளிரில் 60 டிகிரி எங்கே வரப்போகிறது என்று கேட்டார்கள். பெல்ட் கொஞ்சம் தளர்ந்து வழுக்கினால் போதும், அஞ்சு நிமிடத்தில் பெல்ட் உட்காரும் பள்ளத்தின் சுவர் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், வெளியே பனி பெய்தாலும் சுடும். அப்புறம் பிரிண்டர் அடுக்கு அடுக்காகப் போடுகிறது. அடுக்கின் திசையில் இழுத்தால் பிளாஸ்டிக்கின் பலம், அடுக்கைப் பிரிக்கிற திசையில் இழுத்தால் இரண்டு அடுக்கு ஒட்டியிருக்கிற பலம், அது எப்போதும் குறைவு. கீ உட்காரும் பள்ளத்தில் ஸ்டார்ட்டிங் நேரத்தில் ஒரு சதுர மி.மீ.க்கு 30 நியூட்டனுக்கு மேல் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் பள்ளம் மெல்ல அகன்று, கீ ஆடி, ஒரு நாள் ஷாஃப்ட் மட்டும் தனியாக நிற்கும். போல்ட் போட்டு இறுக்கிய இடமும் அப்படித்தான். பிளாஸ்டிக் நாளாக நாளாக நசுங்கிக் கொடுத்துவிடும், இறுக்கம் போய்விடும்.

"அப்ப ஏபிஎஸ் போடலாமே" என்றான் ஒருவன். ஏபிஎஸ் இன்னொரு வகை பிளாஸ்டிக், 100 டிகிரி வரை தாங்கும்தான். ஆனால் அது ஆறும்போது சுருங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும் குணமுள்ளது, நம் ஊர் டிசம்பர் காற்றில் மூடாத பிரிண்டரில் அதை அடித்துப் பாருங்கள், பாதியிலேயே மேடையை விட்டுக் கழன்று நிற்கும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை, பிரிண்டருக்குள் போகிற பிளாஸ்டிக் கம்பி ஈரத்தை இழுத்துக்கொண்டு நூல் நூலாக வழியும். மலையில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் சுருளை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா பையோடு வைப்பது நல்லது.

சரி, லேத்.

கடைசலின் அழகு துல்லியம். நல்ல கையும் நல்ல மெஷினும் சேர்ந்தால் 25 மி.மீ. துளையை நூறில் இரண்டு மி.மீ.க்குள் கொண்டுவந்து நிறுத்தலாம், எச்7 என்று வரைபடத்தில் போடுகிறோமே அது இந்த அளவுக்கு 0.021 மி.மீ. இடைவெளிதான். வெளி விட்டம், பள்ளம், துளை மூன்றையும் ஒரே பிடியில், கழற்றாமல் கடைந்தால் மூன்றும் ஒரே மையத்தில் இருக்கும், புல்லி ஆடாது. ஆனால் முழு இரும்பிலிருந்து கடைவதென்றால்? 300 மி.மீ. விட்டம், 25 மி.மீ. கனம் உள்ள இரும்பு வட்டு 14 கிலோ. முடிந்த புல்லி, நடுவில் மெல்லிய தகடாக விட்டால், ஐந்தரை கிலோ வாக்கில் இருக்கும். எட்டு கிலோவுக்கு மேல் சுருளாகத் தரையில் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய இரும்பு, அதைச் சுருளாக்க மெஷின் நேரம், அந்த நேரத்துக்குக் கரண்டு, டூல் தேய்மானம். அந்தச் சுருளைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான்.

அதே சமயம் மோட்டார் பக்கத்துச் சின்னப் புல்லியைப் பாருங்கள். 80 மி.மீ. ராடில் 40 மி.மீ. துண்டு, ஒன்றரை கிலோ. அதில் வீணாகிறது கொஞ்சம்தான், ஒரு மணி நேரத்து வேலை. அதை ராடிலிருந்தே கடைவது முழுக்க நியாயம். ஒரே மெஷின், ஒரே பெல்ட், இரண்டு முனையிலும் புல்லிதான், ஆனாலும் ஒன்றுக்குச் சரியான முறை இன்னொன்றுக்குச் சரியில்லை. 'புல்லியை எப்படிச் செய்வது' என்று கேட்டால் விடை கிடைக்காது என்று பிள்ளைகளிடம் சொன்னது இதனால்தான். இந்த அளவில், இத்தனை எண்ணிக்கையில், இந்தச் சுமைக்கு என்று கேட்க வேண்டும்.

வெல்டிங் பற்றி எழுத எனக்குச் சொந்தக் கதை உண்டு. சில வருடங்களுக்கு முன், மே மாதம், இலை வரத்து உச்சத்தில் இருந்தபோது நான் அப்போது இருந்த ஃபேக்டரியில் இலைக் கன்வேயரின் புல்லி ஒன்று விரிசல் விட்டது. அவசரத்துக்குக் கீழே ஒரு பட்டறையில் செய்து வாங்கினோம். 6 மி.மீ. தகட்டில் வட்டம், பட்டையை வளைத்து விளிம்பு, நடுவில் பைப் துண்டு. பார்க்க அம்சமாக இருந்தது. மாட்டிச் சுற்றவிட்டதும் விளிம்பு ஒரு நூல் அளவு, அதாவது மூன்று மி.மீ., இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது. பெல்ட் ஒவ்வொரு மணி நேரமும் புரண்டு விழுந்தது. இரண்டு நாள். குவித்து வைத்த பச்சை இலைக்குள் கையை விட்டால் சூடு தெரியும், சூடேறிய இலை சிவந்துபோகும், அதில் நல்ல தூள் வராது. இலை கொண்டுவந்த சிறு விவசாயிகள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தப்பு எங்கே? துளையை முதலில் கடைந்துவிட்டு அப்புறம் வெல்டிங் அடித்திருக்கிறார்கள், அதுவும் ஒரே பக்கத்தில் சுற்றி ஒரே மூச்சில். உருகிய வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது தகட்டைத் தன் பக்கம் இழுக்கும், தட்டையான தகடு தட்டு மாதிரி குழிந்துவிடும். முதலில் எதிரெதிராக நான்கு இடத்தில் டேக் என்ற சின்னப் பொட்டு வெல்டு வைத்து, அப்புறம் துண்டு துண்டாக எதிரெதிர்ப் பக்கத்தில் அடித்து, திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி அடித்து, முழுக்க ஆறவிட்டு, கடைசியில் லேத்தில் ஏற்றித் துளையையும் விளிம்பையும் ஒரே பிடியில் கடைந்திருந்தால் அதே புல்லி வருஷக்கணக்கில் ஓடியிருக்கும். வெல்டிங் முறையின் மேல் குற்றம் இல்லை, வரிசை தப்பிவிட்டது. பாடப் புத்தகத்தில் 'வெப்பத்தால் உருத்திரிபு' என்று ஒரே வரியில் வருவது இதுதான்.

வி-பெல்ட் புல்லியில் வெல்டிங்குக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, பள்ளம். வி-பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்காருவதில்லை, இரண்டு பக்கச் சுவர்களில் ஆப்பு மாதிரி இறுகிப் பிடிக்கிறது, அடியில் தட்டினால் பிடி போய்விட்டது என்று பொருள். பெல்ட்டின் கோணம் 40 டிகிரி. பெல்ட் வளையும்போது உள்பக்கம் பிதுங்கிக் கோணம் குறைகிறது, அதனால் சின்னப் புல்லிக்குப் பள்ளத்தை 34 டிகிரியிலும் பெரியதற்கு 38 டிகிரியிலும் வெட்டுகிறார்கள். இரண்டு பட்டையைச் சாய்த்து வெல்டிங் அடித்து இந்தக் கோணத்தைக் கொண்டுவர முடியாது. கனமான பட்டையில் விளிம்பு செய்து பள்ளத்தை லேத்தில்தான் வெட்ட வேண்டும். ஆக வெல்டிங் என்றாலும் லேத் வேலையிலிருந்து தப்ப முடியாது. பெண் தன் வரைபடத்தில் 40 டிகிரி போட்டிருந்தாள். நான் எதுவும் சொல்வதற்குள் ரப்பரை எடுத்துவிட்டாள்.

இப்போது வார்ப்பு. இதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கும்.

கோவையில் ஒரு பவுண்டரியில் புல்லி ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஈரமான கறுப்பு மண்ணை உள்ளங்கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தார் அங்கிருந்த பெரியவர். விரல் ரேகை வரை அதில் பதிந்திருந்தது. அப்படியே இரண்டாக ஒடித்தார், பொடியாமல் சுத்தமாக ஒடிந்தது. ஈரம் சரி என்று அர்த்தம். கூடினால் இரும்பு ஊற்றும்போது நீராவி கிளம்பிக் காஸ்டிங்கில் ஓட்டை விழும், குறைந்தால் அச்சு உதிரும். மரப் பேட்டர்னைப் பெட்டியில் வைத்து மண்ணை இடித்து நிரப்பி, பெட்டியைத் திருப்பி மேல்பெட்டி வைத்து அதையும் இடித்து, மேலே கம்பியால் குத்திக் காற்றுப் போக வழி செய்து, பிரித்துப் பேட்டர்னை மெல்லத் தட்டித் தூக்கினார். பேட்டர்னின் பக்கங்கள் இரண்டு டிகிரி வாக்கில் சாய்வாக இருப்பது இதற்குத்தான், செங்குத்தாக இருந்தால் தூக்கும்போது மண் சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும். துளை வர வேண்டிய இடத்தில் மணலால் செய்த கோர். மூடி, எடை வைத்து, ஊற்றினார்கள். குத்திய துளைகளில் எல்லாம் நீலமாகச் சின்னச் சின்னத் தீ எரிந்தது.

சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது நூறில் ஒரு பங்கு சுருங்கும். 300 மி.மீ. புல்லிக்குப் பேட்டர்ன் 303 இருக்க வேண்டும், அதற்கு மேல் கடைவதற்காகப் பக்கத்துக்கு மூன்று மி.மீ. வரை கூட்ட வேண்டும். ஷாஃப்ட் நுழையும் நடுப்பகுதியான கனமான ஹப்பும் மெல்லிய தகடும் சேரும் இடத்தில் கூர்மையான மூலை வைக்கக் கூடாது, வளைவாகக் கொடுக்க வேண்டும். மெல்லியது முதலில் ஆறி இறுகிவிடும், கனமானது அப்புறமாக ஆறிச் சுருங்கும்போது அந்த மூலையில்தான் இழுத்து விரிசல் விடும். பழைய தேயிலை ஃபேக்டரிகளில், ஒரே லைன் ஷாஃப்டிலிருந்து எல்லா மெஷினுக்கும் தட்டை பெல்ட் போன காலத்துப் பெரிய புல்லிகள் இன்னும் சில இடத்தில் மூலையில் சாய்ந்து கிடக்கும், அவற்றில் சிலவற்றின் ஆரக்கால்கள் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அழகுக்காக வளைத்ததில்லை. ஆறும்போது விளிம்பும் ஹப்பும் வேறு வேறு நேரத்தில் சுருங்கினாலும் வளைந்த ஆரக்கால் கொஞ்சம் கொடுத்துக்கொள்ளும், ஒடியாது.

புல்லிக்கு இந்த இரும்பு ஏன் இவ்வளவு பொருத்தம் என்பதை லேத்தில் பார்க்கலாம். சாதா இரும்பைக் கடைந்தால் நீளமான சுருள் வரும், சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். வார்ப்பிரும்பைக் கடைந்தால் சுருளே வராது, கறுப்புப் பொடியாக உதிரும், கையில் பென்சில் கரி மாதிரி ஒட்டும். உள்ளே கார்பன் கிராஃபைட் செதில்களாக இருக்கிறது. அந்தச் செதில்கள் அதிர்வை விழுங்கும், கடைய எளிதாக்கும், ஆனால் இழுவையிலும் அடியிலும் பலவீனம், சுத்தியலால் ஓங்கி அடித்தால் உடையும். எஃப்ஜி 200 என்ற தரம் என்றால் இழுவையில் ஒரு சதுர மி.மீ.க்கு 200 நியூட்டன் தாங்கும். நம் கீ பள்ளத்துக்கு வருவது 12, மோசமான நேரத்தில் 36. நிறைய மிச்சம் இருக்கிறது. விளிம்பின் வேகம் விநாடிக்கு ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல், வார்ப்பிரும்புப் புல்லிகளை 30 மீட்டர் வரை ஓட்டுகிறார்கள்.

கோவையில் இவ்வளவு பவுண்டரி எப்படி வந்தது என்று ஒருவன் கேட்டான். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது, நம் மலைத் தண்ணீரில் உண்டான அந்தக் கரண்டு சமவெளிக்கு இறங்கிய பிறகுதான் கோவையில் மில்லும், மில்லுக்கும் கிணற்று மோட்டாருக்கும் பார்ட்ஸ் செய்கிற பட்டறைகளும் வேகமாகப் பெருகின. பைக்காராவில் சுற்றுவது பெல்டன் சக்கரம் என்ற டர்பைன். அதன் விளிம்பில் இரட்டைக் கிண்ணம் மாதிரி வாளிகள் இருக்கும், இரண்டு பக்கமும் குழிந்து நடுவில் கத்தி முனை. அப்படி ஒரு வளைவைத் தகடு வெட்டி ஒட்டிச் செய்வதை நினைத்துப் பாருங்கள். உருவம் சிக்கலாக ஆக ஆக வார்ப்பின் பக்கம் தராசு சாயும், மண்ணுக்கு வளைவும் ஒன்றுதான் நேர்கோடும் ஒன்றுதான்.

இனி பணம். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம், இது மார்க்கெட் விலை இல்லை. பேட்டர்ன் செய்ய 3,000 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு புல்லியும் ஊற்றிக் கடைந்து முடிக்க 900. வெல்டிங்கில் முன்செலவு இல்லை, ஒவ்வொன்றுக்கும் லேத் வேலையோடு 1,500. ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் வார்ப்பு 3,900, வெல்டிங் 1,500. ஐந்து என்றால் இரண்டும் 7,500. ஐம்பது என்றால் வார்ப்பு 48,000, வெல்டிங் 75,000. ஒருமுறைச் செலவு எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று இரண்டு எண்ணை எடுத்துக்கொண்டால் எந்த முறையையும் எந்த முறையோடும் ஒப்பிடலாம். பிரிண்டருக்கு முதல் எண் கிட்டத்தட்ட பூஜ்யம், இரண்டாவது எண் எத்தனை அடித்தாலும் குறையாது.

மலையில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு எண் உண்டு, அதை எந்தப் புத்தகமும் போடாது: சாமான் வந்து சேர எத்தனை நாள், உடைந்தால் மறுபடி ஓட எத்தனை நாள். குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். நவம்பர் மழையில் பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. 2009 நவம்பரில் இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு உடைந்தால் உள்ளூர் வெல்டரால் லேசில் ஒட்ட முடியாது, கார்பன் மூன்று சதவீதத்துக்கு மேல், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். நிக்கல் ராடு, முன்சூடு, மெதுவாக ஆறவிடுதல் என்று பெரிய வேலை. சாதா இரும்பில் வெல்டிங் அடித்த புல்லி உடைந்தால் ராத்திரி எட்டு மணிக்கும் பாலாடாவிலேயே ஒட்டிவிடலாம். அதனால் உடையக் கூடிய இடத்தில், அடி விழுகிற இடத்தில், நான் வார்ப்பைத் தவிர்ப்பேன். சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிற புல்லிக்கு வார்ப்புதான்.

சரி, அப்போது அந்த நான்கு பேருக்கு நான் சொன்னது என்ன? ஒரே ஒரு புல்லிதான் வேண்டும், கணக்குப்படி வெல்டிங் வர வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை. கடையில் போய் 300 மி.மீ. ஏ செக்‌ஷன் வார்ப்புப் புல்லியைத் துளை பெரிதாக்காமல் அப்படியே வாங்குங்கள், உங்கள் ஷாஃப்ட் அளவுக்குத் துளையையும், கீ உட்காரும் பள்ளமான கீவேயையும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வி-பெல்ட் ஏ, பி, சி என்று அளவு கட்டி வைத்திருப்பதால் யாரோ ஒருவர் பேட்டர்ன் செலவை ஆயிரக்கணக்கான புல்லிகளில் பிரித்துப் போட்டுவிட்டார், நாம் வாங்கும் ஒன்றில் அந்த 3,000 தெரியவே தெரியாது. தரப்படுத்துதல் என்பதன் பலன் முழுக்க இதில் இருக்கிறது.

அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. வாங்கினால் சார் மார்க் குறைப்பார் என்ற பயம். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் மெஷினில் கடையில் கிடைக்காத சாமான் எது என்று கேட்டேன். டிரம்மின் இரண்டு பக்க முகப்பு, நடுவில் ஹப்பும் ஆறு கையுமாக. அது உங்கள் டிரம்முக்கென்றே உள்ளது, உழைப்பை அங்கே போடுங்கள். ஒரு மெஷின் மட்டும் என்றால் அதை வெல்டிங்கில் செய்யுங்கள், மேலே சொன்ன வரிசையில், துளை கடைசியில். இதே டிரம்மைப் பத்துப் பேர் கேட்டு வந்தால் அப்போது உங்கள் பிரிண்டரை எடுங்கள். ஹப்பை நூறில் ஒரு பங்கு பெரிதாக்கி, இரண்டு டிகிரி சாய்வு கொடுத்து, கடைசலுக்குக் கூட்டி பிளாஸ்டிக்கில் அடித்து, மணல் காகிதத்தால் தேய்த்து, அதையே பேட்டர்னாகப் பவுண்டரிக்குக் கொடுங்கள். மண்ணை இடிக்கும்போது வருகிற அழுத்தத்தை அது தாங்கும், சூடான இரும்பு அதைத் தொடப்போவதே இல்லை. மரப் பேட்டர்னுக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் பீய்ச்சும் நாசிலைப் பிடிக்கிற கிளிப், ஸ்விட்ச் பெட்டியின் மூடி, இதெல்லாம் பிரிண்டரில் அடியுங்கள், சுமை இல்லாத இடம். பெல்ட்டை மூடும் கார்டு மட்டும் தகட்டில் செய்யுங்கள், அதில் விளையாட வேண்டாம், பெல்ட் ஒரு விரலைப் புல்லிக்குள் இழுக்கக் கண் இமைக்கிற நேரம் போதும்.

போன சனிக்கிழமை அந்தப் பெண் போன் செய்தாள். ஊட்டியில் ஒரு கடைசல் பட்டறைக்கு வாங்கிய புல்லியோடு கியர்பாக்ஸையும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள், 'ஷாஃப்டை அளந்து துளை போடுங்கள்' என்று. லேத் அண்ணன் மைக்ரோமீட்டரில் பார்த்து 24.99 என்றாராம். 25.01க்குத் துளை கொண்டுவந்து, எண்ணெய் தடவி, கையாலேயே தள்ளினார், மெல்ல உள்ளே போய் நின்றது, ஆட்டம் இல்லை. அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. வரைபடத்தில் துளைக்குப் பக்கத்தில் எச்7 என்றும், ஹப்பின் வெளி விட்டத்துக்குப் பக்கத்தில் 'முக்கியமில்லை' என்றும் எழுதிவிட்டாளாம்.

அடுத்த கேள்வியும் அப்போதே வந்துவிட்டது. டிரம்மைக் கீழே தாங்கும் நான்கு உருளைகள் எந்நேரமும் சேற்றுத் தண்ணீரில் சுற்றும், அதற்கு நைலானா, ரப்பர் ஒட்டிய இரும்பா? நைலான் தண்ணீர் குடித்து அளவு மாறும், இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர் ஒட்டு விட்டுப் போகும். அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன், வரும்போது பாலாடாவில் ஓடுகிற பழைய மெஷின்களில் தேய்ந்து கழற்றிப் போட்ட உருளைகளில் இரண்டைக் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.